உள்ளே மூன்று அங்குலம்

என் அக்கா என்னைவிடப் பதினோரு நிமிடம் மூத்தவள். அந்தப் பதினோரு நிமிடத்தை வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு வருடமாக என்னை மேய்த்து வருகிறாள். ஊரில் யாரிடமாவது அவள் பேரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "கோட்டுக்கடை அக்கா" என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். மேட்டுப் பள்ளியின் சீருடைக் கோட்டைத் தைப்பவள் அவள். இருபத்தைந்து வருடமாக அந்தப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகள் முதலில் நுழைவது பள்ளி வாசலில் இல்லை, அவள் கடையில்தான்.

ஆனால் அந்தப் பள்ளிக்குள் அவள் ஒரு நாளும் போனதில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளியைப் பற்றி ஊர் கூடிச் சண்டை போட்டதே, அதில் அவள் செய்த காரியத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நிதானம் வர மாட்டேன் என்கிறது. நினைத்தாலே எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் இரண்டு பள்ளிகள். கடைத்தெருவை ஒட்டி இருப்பது சந்தைப் பள்ளி. யார் வேண்டுமானாலும் சேரலாம், பத்தாவதோடு சரி. சாலை ஏறி முடிகிற இடத்தில் இருப்பது மேட்டுப் பள்ளி. ஆய்வகம், நூலகம், அதற்கப்புறம் கல்லூரி, வேலை என்று ஏணிப்படியாகக் கொண்டுபோய் விடும். பதினோரு வயதில் ஒரே ஒரு தேர்வு. அறுபது பேருக்கு இடம். அன்றைக்குத் தவறியவர்களுக்கு அந்த வாசல் பிறகு எப்போதும் திறக்காது.

அந்தத் தேர்வை நானும் அக்காவும் ஒரே நாளில், சந்தைப் பள்ளியில் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து எழுதினோம். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுபவர். அம்மா வீட்டில் தலையணை உறை தைப்பாள். நேர்க்கோட்டைத் தவிர வேறு தையல் அவளுக்குத் தெரியாது. முடிவு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவின் டேப்பை எடுத்து, வராத கோட்டுக்கு நாங்களே அளவெடுக்க ஆரம்பித்தோம். அவள் அளந்து சொல்வாள், நான் எழுதுவேன். என் கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொல்வார்கள், அவளைத் தவிர. ஒரு புது நோட்டில் முதல் பக்கத்தில் என் அளவு. அடுத்த பக்கத்தில் அவள் அளவு. அதை மட்டும் நானே அளந்து நானே எழுதினேன்.

மறுநாள் பள்ளி வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். நான் ஐம்பத்தெட்டாவது. கீழிருந்து மூன்றாவது. இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன். அக்காவின் எண் அதில் இல்லை. கடிதம் வந்தபோது தெரிந்தது: எனக்கும் அவளுக்கும் நடுவில் மூன்றே மதிப்பெண்.

அவள் அழுவாள் என்று வீடே காத்திருந்தது. அழவில்லை. எனக்காக அப்பா எங்கிருந்தோ வாங்கி வந்த பழைய கோட்டு ஒன்று தொளதொளவென்று இருந்தது. அதை மடியில் போட்டு ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். கை, காலர், முன்பக்கம், உள்துணி என்று துண்டு துண்டாகத் தரையில் பரப்பி இரண்டு நாள் உற்றுப் பார்த்தாள். மூன்றாம் நாள் என் அளவுக்கு வெட்டினாள். பதினோரு வயதுப் பெண் வெட்டிய கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நான் மேட்டுப் பள்ளிக்குள் போனேன். ஒரு கை மற்றதைவிட அரை அங்குலம் நீளம். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

அதில் அவள் ஒரு வேலை செய்திருந்தாள். கையின் ஓரத்திலும் கீழ் விளிம்பிலும் மூன்று அங்குலத் துணியை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைத்திருந்தாள். "எதுக்கு?" என்றேன். "நீ வளர மாட்டியா, குள்ளா?" என்றாள். வருடா வருடம் பிரித்து இறக்கினாள், உள்ளே துணி தீர்ந்ததும் வேறு கோட்டு வெட்டினாள். ஒவ்வொரு முறையும் அளந்து சொன்னாள், அதே பக்கத்தில் அடுத்த வரியாக நான் எழுதினேன்.

சந்தைப் பள்ளியில் பத்தாவது முடித்ததும் அவள் கடை போட்டாள். ஒரு கதவு, ஒரு மேசை, இரண்டு மெஷின். இப்போது நான்கு மெஷின். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள். ஒரு வார்த்தை பிசகாமல் புரியும். தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்ததும் "தோள் பதினேழு, இடது பக்கம் இறங்கி இருக்கு" என்பாள். எனக்குப் பெண் பார்க்கப் போனபோதே இதைச் செய்தவள், அந்தச் சம்பந்தம் கூடாமல் போனதற்கு இன்றுவரை என்னைத்தான் குற்றம் சொல்கிறாள்.

அவளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. பதினோரு வயதுப் பிள்ளை முதல் தடவை அளவுக்கு வந்து நிற்கும்போது, ஏற இறங்கப் பார்த்து, பதினாறு வயதில் இதன் கை எவ்வளவு நீளம் இருக்கும் என்று பக்கத்தின் தலையில் பென்சிலால் எழுதி வைப்பாள். தன்னோடு தானே கட்டும் பந்தயம். ஐந்து வருடம் கழித்துப் பார்ப்பாள். எத்தனை ஜெயித்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

அவளுக்கு ஒரே பெண். எல்லோரும் 'வாலு' என்றுதான் கூப்பிடுகிறோம், ஏன் என்று ஐந்து நிமிடம் அவளோடு இருந்தால் தெரியும். வாலுவும் பதினோரு வயதில் தேர்வு எழுதினாள். நான்கு மதிப்பெண்ணில் போயிற்று. இப்போது பதின்மூன்று. போன வருடம் மேசைமேல் விரித்திருந்த துணியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், வெட்டுவதற்கு வைத்த மாதிரி அட்டைத் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்தாள், ஒன்பது கோட்டு வருகிற துணியில் பத்துக் கோட்டு வெட்டலாம் என்று காட்டினாள். இருபத்தைந்து வருடம் வெட்டிய அக்கா வாயைப் பிளந்துவிட்டாள். நான் "கெட்டிக்காரி" என்று தலையில் தட்டிவிட்டுப் போனேன். பெரிய மாமன்!

இந்த நிலையில்தான் கல்விக் குழு அறிவித்தது: மேட்டுப் பள்ளியில் பதினாலு வயதில் இரண்டாவது தேர்வு ஒன்று வைக்கலாமா, முப்பது இடம் கூட்டலாமா, பொதுமக்கள் வந்து சொல்லுங்கள். ஊர் இரண்டுபட்டது. தேர்வையே ஒழி என்றது ஒரு கூட்டம். ஒரு செங்கல்லையும் தொடாதே என்றது இன்னொரு கூட்டம். தொடாதே கூட்டத்துக்குக் கொடி பிடித்தது பழைய மாணவர் சங்கம். அதன் செயலாளர் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"நீங்கதான் பேசணும். லோடு ஏத்துறவர் மகன், இன்னிக்கு குடிநீர் வாரியத்துல இன்ஜினியர். இதைவிட என்ன சாட்சி வேணும்? பள்ளிக்கூடம் யாரையும் தள்ளல, தகுதி இருந்தா ஏத்தி விடுதுன்னு சொல்லுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். இரண்டாவது தேர்வு வந்தால் பிள்ளைகளுக்கு இரண்டாவது சித்திரவதை, பயிற்சி வகுப்புக்காரர்களுக்குக் கொண்டாட்டம், பள்ளியின் தரம் போய்விடும் என்றெல்லாம். அதில் முதல் இரண்டும் இன்றைக்கும் நியாயம்தான் என்பேன். ஆனால் எழுதாமல் விட்ட நான்காவது காரணம்தான் உண்மையானது: வாசலை அகலமாக்கினால் நான் நுழைந்ததற்கு என்ன மதிப்பு?

பேசுவதற்கு ஒரு புதுக் கோட்டு வேண்டும் என்று அக்காவிடம் போனேன். "ஆபீஸ்ல ஒரு விழா" என்றேன். அவள் ஒன்றும் கேட்காமல் அளந்தாள். உள்ளே துணி விட்டுத் தைப்பதைப் பார்த்துவிட்டு, "நாப்பத்திரண்டு வயசுல நான் எங்க வளரப்போறேன்?" என்றேன்.

"வயிறு வளருதே," என்றாள் குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து.

சனிக்கிழமை காலை கூட்டம். மண்டபத்தில் ஊசி குத்த இடமில்லை. மேடையில் ஐந்து பேர், நடுவில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய குழுத் தலைவி, அவர் முன்னால் ஒரு மேசை மணி. ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடித்தால் உட்கார வேண்டும். என் எண் பதினாலு. முதல் வரிசையில் செயலாளர் பக்கத்தில் புதுக் கோட்டில் மிடுக்காக உட்கார்ந்திருந்தேன்.

"பதிமூணு," என்று கூப்பிட்டார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு துணிப்பை வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அக்கா வந்தாள். கழுத்தில் டேப்பைக் கழற்ற மறந்திருந்தாள். பின்னாலேயே வாலு, முகமெல்லாம் சிவந்து. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா என்னைப் பார்த்தாள், என் கோட்டைப் பார்த்தாள், 'இதுதானா உன் விழா' என்பதுபோல் புருவத்தை உயர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"நான் கோட்டு தைக்கிறவ. இரண்டாவது பரீட்சை வேணும்னு சொல்ல வந்திருக்கேன். காரணம் இந்த நோட்டுல இருக்கு."

பையிலிருந்து ஏழு நோட்டுகளை எடுத்து அடுக்கினாள். மேலே இருந்ததைத் திறந்தாள். அவ்வளவுதான், கடையில் நிற்கிற நினைப்பு வந்துவிட்டது. கடையில் அவள் அளவு சொன்னால் எதிரே எழுதுகிற ஆளுக்கு வரிசை தெரியும்: நீளம், தோள், கை, மார்பு, உள்ளே. அதனால் வெறும் எண்களை மட்டும், மூச்சு விடாமல் சொல்வதே அவளுக்குப் பழக்கம். அதே வேகத்தில், அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

"இருபத்திரண்டு, பன்னெண்டரை, பதினெட்டு, இருபத்தாறு, மூணு. இருபத்திமூணு, பதிமூணு, பத்தொம்பதே கால், இருபத்தேழு, ரெண்டு. இருபத்தஞ்சு, பதிநாலு..."

மண்டபம் முதலில் திகைத்தது. பிறகு ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. "என்ன, ஏலம் விடுறாங்களா?" என்றார் ஒருவர். சிரிப்பு பரவியது. அக்காவுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. பயத்தில் இன்னும் வேகமாகப் படித்தாள். அடுத்த பக்கம், அடுத்த பிள்ளை, எண்கள், எண்கள். வாலு அம்மாவின் புடவையை இழுத்தாள். மணி அடித்தது.

"மன்னிக்கணும்மா, நேரம் ஆயிடுச்சு," என்றார் தலைவி. குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

அக்கா நோட்டை மூடினாள். "கடைசிப் பக்கத்துலதான் விஷயமே இருக்கு," என்றாள் மெதுவாக. யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது.

அந்த மண்டபத்தில் அத்தனை பேரில், அவள் படித்தது எனக்கு மட்டும்தான் புரிந்தது. புரிந்தது என்ன, முதல் ஐந்து வரியும் நான்தான்! என் கையில் ஏறிய ஒன்றேகால் அங்குலமும், என் தோளில் ஏறிய அரை அங்குலமும் ஊர் முன்னால் சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருந்தன. எனக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன. சிரித்தவர்கள்மேல் பாதி. மூன்று பக்கத்தை மடித்து வைத்திருந்த என்மேல் பாதி.

"பதிநாலு."

"நம்ம ஆளு! வெளுத்து வாங்குங்க," என்று செயலாளர் என் முதுகில் தட்டினார்.

நான் எழுந்து நேராக மைக்குக்குப் போகவில்லை. அக்காவிடம் போய் நோட்டுகளை வாங்கினேன். அவள் கொடுக்க மறுத்து இழுத்தாள். "குடுக்கா," என்றேன். பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

"நான் மேட்டுப் பள்ளியில் படிச்சவன். இரண்டாவது பரீட்சை வேண்டாம்னு பேச எழுதிட்டு வந்தேன். அதை இன்னொரு நாள் படிக்கிறேன்," என்றேன். பின்னால் செயலாளரின் நாற்காலி கிறீச்சிட்டது. "இப்ப இவங்க படிச்சதை நான் படிக்கிறேன். முதல் நம்பர் கோட்டோட நீளம். ரெண்டாவது தோள். மூணாவது கை. நாலாவது மார்பு. கடைசியில வர்றது, உள்ள மடிச்சு விட்ட துணி. பிள்ளை வளரும்னு நம்பி வெட்டாம வைக்கிறது. ஒரு பக்கம் ஒரு பிள்ளை. ஒரு வரி ஒரு வருஷம்."

சிரிப்பு நின்றது. 

"இந்தப் பக்கத்துல மேல பென்சில்ல இருபத்தொண்ணுன்னு இருக்கு. பதினாறு வயசுல கை இவ்வளவுதான் வளரும்னு அக்கா போட்ட கணக்கு. கடைசி வரியில கை இருபத்திநாலரை. அந்தக் குள்ளன் நான்தான்."

இப்போது வேறு மாதிரிச் சிரித்தார்கள். நான் ஏழாவது நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அக்காவின் கோணல் கையெழுத்தில் இரண்டே வரி. பந்தயத்தில் எத்தனை ஜெயித்தாள் என்று நான் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது.

"பதினாறு வயசுலயும் வந்து அளவு குடுத்தது நானூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க," என்று படித்தேன். "சரியாச் சொன்னது அறுபத்தேழு."

மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது. நான் விடவில்லை. "ஊர்லயே இவங்களைவிட நல்லா அளக்கிற ஆள் கிடையாது. எதிர்ல நிக்கிற கை. கண்ணால பாத்து, டேப்பால தொட்டு அளக்கிற கை. அதோட வளர்ச்சியையே ஆறுல ஒண்ணுதான் சரியாச் சொல்ல முடிஞ்சிருக்கு. அதான் இவங்க துணியை உள்ள விட்டுத் தைக்கிறாங்க. நாம ஒரு நாள் காலையில, ஒரு தாளை வச்சு, உள்ள இருக்கிற மூளையை அளந்து, ஒட்ட வெட்டிடுறோம். உள்ள ஒரு அங்குலம்கூட விடல."

பேச்சு வேகத்தில் முதல் நோட்டின் பக்கத்தைப் புரட்டினேன். இரண்டாவது பக்கம் வந்தது. அதைத் திறக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. மேலே, என் பதினோரு வயது அழகுக் கையெழுத்தில், 'அக்கா' என்று இருந்தது. கீழே ஒரே ஒரு வரி. பக்கத்தின் மற்ற இடமெல்லாம் வெறுமை. இருபத்தைந்து வருடம் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் வரி வரியாக எழுதியவள், அந்தப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

தலைவி மணியின்மேல் கை வைத்திருந்தார்.

"இதுவும் அதே நாள் எழுதினது. எங்க அக்காவோட அளவு," என்றேன். "ஒரு வரிதான் இருக்கு. அவ வளரலன்னு அர்த்தம் இல்ல. அதுக்கப்புறம் யாரும் அளக்கல."

மணி அடிக்கவில்லை. நேரம் முடிந்து எவ்வளவோ ஆகியிருக்கும். தலைவி மணியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அந்த நோட்டைக் கொஞ்சம் இங்க குடுங்க," என்றார். ஐந்து தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன.

வெளியே வந்ததும் செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் அந்தப் பள்ளியை நேசிப்பவர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் நேசிக்கிறேன். அக்கா படியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஓடிவந்து அணைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்துப் போனேன்.

"யாரைக் கேட்டுடா அந்தப் பக்கத்தைத் திறந்த? ஊர் முன்னாடி என்னை அழ வச்சிட்டியே," என்று பொரிந்தாள். "வாலுவுக்கு இது எவ்வளவு வேணும்னு உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லவே இல்லையே."

"நீ கேட்டியா?"

அவள் என் கையைப் பிடித்து இழுத்து மணிக்கட்டைப் பார்த்தாள். "கோட்டுக் கையில கால் அங்குலம் அதிகம். கழட்டிக் குடுத்துட்டுப் போ," என்றாள்.

நேற்று குழுவின் முடிவு வந்தது. வாலு கடைத்தெரு முனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது, இன்னொன்று எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பதினாலு வயதில் இரண்டாவது தேர்வு. முப்பது இடம். மூன்று வருடம் நடத்திப் பார்ப்பார்கள். நான்கு மெஷினும் நின்றுவிட்டன. நான் வாலுவைத் தூக்கிச் சுற்றினேன், மேசையில் இருந்த குண்டூசி டப்பா கொட்டியது, அக்கா என்னைத் திட்டிக்கொண்டே சிரித்தாள்.

"அளவு எடும்மா! இப்பவே எடு!" என்று குதித்தாள் வாலு.

"பரீட்சை எழுதி முடிவு வரட்டும். எங்க வீட்டுல முன்னாடியே அளவெடுத்து ஒரு தடவை பட்டாச்சு," என்றாள் அக்கா.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. அக்காவின் கழுத்திலிருந்து டேப்பை உருவினேன். "வாலு, முதல் நோட்டை எடு. ரெண்டாவது பக்கம். எழுது."

"என்னடா பண்ற? கடையில ஆள் இருக்காங்க!"

"நிமிந்து நில்லுக்கா."

முணுமுணுத்துக்கொண்டே நிமிர்ந்து நின்றாள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அப்படி நிற்க வைத்தவளுக்குத் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் ஒவ்வொன்றாக அளந்து சொன்னேன்: இருபத்தேழு, பதினஞ்சரை, இருபத்திரண்டரை, முப்பத்தெட்டு. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய வரிக்குக் கீழே வாலு எழுதினாள்.

"உள்ள ஒண்ணும் வேண்டாம். எனக்கு எதுக்குடி உள்ள துணி?" என்றாள் அக்கா.

வாலு தலையை நிமிர்த்தவே இல்லை. வரியின் கடைசியில் 'மூணு' என்று எழுதிவிட்டு நோட்டை மூடினாள்.